ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும் திங்கட்கிழமை வாழ்க்கையும்

மான்குர்த்தில் குடியிருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞாயிறு என்பது பாதி நாள் பயணம்தான். செம்பூருக்கோ சயானுக்கோ தாராவிக்கோ போக வேண்டும். ஹார்பர் லைனில் மெகாபிளாக் என்றால் பஸ், இல்லையென்றால் ஷேர் ஆட்டோ. பிள்ளைகளுக்கு தமிழ் எழுத்து தெரியாது, ஆனாலும் கீர்த்தனைகள் மனப்பாடம். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று ஊர்க்கதை பேசி, ஒரு கிலோ முருங்கைக்காயும் கருவேப்பிலையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால் மணி மூன்று. திங்கட்கிழமை காலை மறுபடியும் ஆபீஸ், ரயில், நெரிசல்.

இதில் ஒரு கேள்வி எழும். ஆராதனை என்பது அந்த இரண்டு மணி நேரம் மட்டும்தானா? பாட்டு, பிரசங்கம், காணிக்கை, ஆசீர்வாதம் என்று முடிந்துவிடுகிற சமாச்சாரமா? உண்மையான ஆராதனை எது என்று பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் பிரசங்கம் செய்யப் போவதில்லை, அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள் :-) ஆனால் இந்தக் கேள்விக்கு நம் முன்னோர்கள் வாயால் அல்ல, வாழ்ந்து பதில் சொல்லியிருக்கிறார்கள். சில சமயம் சரியாக, சில சமயம் மிகத் தவறாக. அந்தச் சரித்திரம் நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. நமக்கே அரைகுறையாகத்தான் தெரியும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சொல், இரண்டு அர்த்தம்

முதலில் சொல்லிலிருந்து ஆரம்பிப்போம். எபிரேய மொழியில் "அவோதா" என்று ஒரு சொல். வயலில் பாடுபடுவதற்கும் அதே சொல், கடவுளை வழிபடுவதற்கும் அதே சொல். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ஆராதனை என்று வருகிற இடங்களில் ஒன்று "லத்ரெயா". கூலிக்கு வேலை செய்பவனின் ஊழியத்தைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. இன்னொன்று "லெய்தூர்கியா". பழைய ஏதென்ஸில் பணக்காரர்கள் சொந்தச் செலவில் ஊருக்குச் செய்த பொதுப்பணிக்கு அதுதான் பெயர். ஒரு போர்க்கப்பலைப் பராமரிப்பது கூட அதில் சேர்த்தி. இன்றைக்கு நாம் "வழிபாட்டு முறைமை" என்று சொல்வது இதிலிருந்து வந்த சொல்.

ஆக, மூலமொழிகளில் வழிபாடும் வேலையும் அண்டை வீட்டுக்காரர்கள். பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 12-ஆம் அதிகாரம் சரீரத்தையே பலியாகக் கொடுக்கச் சொல்வதும், யாக்கோபு தன் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் அநாதைகளையும் விதவைகளையும் விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்பதும், ஏசாயா 58 உபவாசத்தைக் கட்டவிழ்ப்பதோடு இணைப்பதும் இந்தப் பொருளில்தான்.

நம் தமிழில் "ஊழியம்" என்ற சொல்லைப் பாருங்கள். இன்றைக்கு ஊழியம் என்றால் சபை வேலை. "அவர் ஊழியக்காரர்" என்றால் மரியாதை. ஆனால் இருநூறு வருஷத்துக்கு முன்னால் நாஞ்சில் நாட்டில் ஊழியம் என்றால் வேறு. கூலியில்லாமல் அரசுக்கும் மேல்சாதியாருக்கும் செய்தே தீரவேண்டிய கட்டாய வேலை. கதை இங்கேதான் தொடங்குகிறது.

ஓய்வு நாள் ஒரு உரிமையான கதை

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம். நாடார், பறையர் முதலிய சாதியார் தலைவரி கட்ட வேண்டும், சுமை தூக்க வேண்டும், அரசுக்கும் கோயிலுக்கும் வேண்டிய பொருள்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சம்பளம் கிடையாது. எந்த நாள், எத்தனை நாள் என்று கேட்கவும் முடியாது.

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்பவர் தஞ்சாவூர்ப் பக்கம் போய் கிறிஸ்தவத்தை அறிந்து, வேதமாணிக்கம் என்ற பெயரோடு திரும்பினார். அவர் அழைத்ததால் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி 1806-இல் தென்திருவிதாங்கூருக்கு வந்தார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. ஜனங்கள் சேர ஆரம்பித்தார்கள். உடனே ஒரு நடைமுறைச் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வர வேண்டும், அதே ஞாயிற்றுக்கிழமை ஊழிய வேலைக்கும் கூப்பிடுகிறார்கள். எங்கே போவது?

1810-களில் கர்னல் மன்றோ திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக இருந்த காலத்தில், கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழிய வேலையிலிருந்தும், கோயில் சம்பந்தப்பட்ட கட்டாய வேலையிலிருந்தும் விலக்கி உத்தரவு வந்தது. இன்றைக்கு நமக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அன்றைக்கு வாரத்தில் ஒரு நாளாவது "இன்று என்னைக் கூப்பிட முடியாது" என்று சொல்லக்கூடிய சாதாரண மனிதன் அந்த ஊரில் அதற்கு முன் இருந்திருப்பானா, யோசித்துப் பாருங்கள். அவனுக்கு ஆராதனை என்றால் பாட்டும் ஜெபமும் மட்டும் அல்ல. அந்த ஒரு நாள் அவன் உடம்பு அவனுக்குச் சொந்தம்.

கோயிலில் போட்ட சட்டை சந்தையில் கிழிந்தது

அடுத்தது தோள்சீலைப் போராட்டம். பலருக்கும் கேள்விப்பட்ட கதை, ஆனால் ஆராதனையோடு அதற்குள்ள தொடர்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்பது அன்றைய வழக்கம். சபையில் சேர்ந்த பெண்கள் குப்பாயம் தைத்துப் போட்டுக்கொண்டு ஆராதனைக்கு வந்தார்கள். ஆலயத்துக்குள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அதே உடுப்போடு சந்தைக்குப் போனபோதுதான் அடி விழுந்தது. 1822-இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் கலவரம் தொடங்கியது. 1829-இல் வந்த அரச பிரகடனம் மேல்சாதிப் பெண்களைப் போல் தோள்சீலை அணியும் உரிமையை மறுத்தது. 1858, 1859-இல் மறுபடியும் கலவரம். ஆலயங்களும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன. கடைசியில் 1859 ஜூலை 26-ஆம் தேதிப் பிரகடனம் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்றது, அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல் அல்ல என்ற நிபந்தனையோடு.

ஏறக்குறைய நாற்பது வருஷம்! அந்தப் பெண்கள் "ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மட்டும் போட்டுக்கொள்கிறோம், வெளியே வரும்போது கழற்றிவிடுகிறோம்" என்று சொல்லியிருந்தால் கலவரமே இல்லை. அவர்கள் சொல்லவில்லை. கடவுள் முன்னால் நான் மனுஷி என்றால் சந்தையிலும் நான் மனுஷிதான் என்று நின்றார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இதே மண்ணில், இதே காலத்தில், சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809-1851) தம்மைத் தேடி வந்தவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு வெட்டினார். சமபந்தி நடத்தினார். அவர் வழி வேறு, கிறிஸ்தவர்களின் வழி வேறு. ஆனால் குனிந்த முதுகோடு செய்வது வழிபாடாகாது என்பதில் இரண்டும் ஒன்று. இதைச் சொல்லாமல் விட்டால் சரித்திரம் பாதிதான்.

எங்கே உட்காருவது?

இதுவரை பெருமைப்படும் கதை. இனி சங்கடமான கதை.

1706 ஜூலை 9-ஆம் தேதி சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடிந்தது. ஒரே கூரை, ஒரே பீடம். ஆனால் சூத்திரக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், பறையர் கிறிஸ்தவர்கள் தனியாக ஒரு பக்கம். திருவிருந்துக்கு முதலில் போவது யார் என்பதிலும் வரிசை. மிஷனரிகள் இதைச் சமூக வழக்கம் என்று விட்டுவிட்டார்கள்.

இதன் விலை என்ன என்று தெரிய வேண்டுமானால் ராஜநாயக்கன் கதையைப் படிக்க வேண்டும். 1700-இல் பிறந்தவர், பறையர், தஞ்சாவூர்ப் படையில் சிப்பாய். வேதப் புத்தகத்தைத் தேடிப் படித்து, தரங்கம்பாடி மிஷனோடு சேர்ந்து, தஞ்சை நாட்டில் உபதேசியாராகப் பல வருஷம் உழைத்தார். அடியும் பட்டார். 1733-இல் ஆரோன் குருவாக அபிஷேகம் பெற்றார். தமிழர்களில் முதல் புராட்டஸ்டண்ட் குரு அவர்தான். அடுத்த குரு யார் என்று வந்தபோது ராஜநாயக்கன் பெயர் எழுந்தது. தகுதியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் பறையர் கையால் திருவிருந்து வாங்க மற்ற சாதியார் சம்மதிக்க மாட்டார்கள் என்ற பயம். 1741-இல் தியோகு குருவானார். ராஜநாயக்கன் 1771-இல் சாகும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் உடல், இரத்தம் என்று நம்புகிறவர்கள், அதை நீட்டுகிற கை எந்தச் சாதி என்று பார்த்தார்கள். ஆராதனை முறைப்படிதான் நடந்தது. பாட்டிலும் ஜெபத்திலும் ஒரு குறையும் இருந்திருக்காது.

நூறு வருஷம் கழித்து, 1833 ஜூலையில், கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முழுவதுமாக, நிரந்தரமாக ஒழிய வேண்டும் என்பது அதன் சாரம். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரிய கொந்தளிப்பு. பலர் சபையை விட்டு வெளியேறினார்கள்.

இந்த இடத்தில் ஒரு பெரிய மனிதர் வருகிறார். வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). பாளையங்கோட்டையில் பிறந்தவர், சுவார்ட்சு ஐயரின் மாணவர், சரபோஜி மன்னரின் நண்பர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். இன்றைக்கும் நம் கீர்த்தனைப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லாத பகுதி குறைவு. புதிதாக வந்த மிஷனரிகள் மேல் அவருக்கு நான்கு பெரிய மனக்குறைகள். பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், சாதிகளை ஒன்றாக்கச் சொல்கிறார்கள், விசேஷங்களில் பூ வைப்பதைத் தடுக்கிறார்கள், ஆலயத்தில் தமிழ்ப் பாட்டையும் இசையையும் விலக்குகிறார்கள்.

இந்த நான்கையும் மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். பூவும் பாட்டும் பற்றி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நம் மொழியில், நம் ராகத்தில், நம் பூவோடு கடவுளைத் தொழக்கூடாது என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. அவர் அன்றைக்கு விட்டுக்கொடுத்திருந்தால் நமக்கு ஞானப்பாட்டு மட்டும்தான் மிஞ்சியிருக்கும். 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியார் பாடல்கள் அதில் இடம்பிடித்தன. பாட்டு விஷயத்தில் அவர் ஜெயித்துவிட்டார். தாராவியில் இருந்து டொராண்டோ வரை சாட்சி.

ஆனால் சாதி விஷயத்தில்? அது சமூக ஏற்பாடு, மதத்துக்குச் சம்பந்தம் இல்லை என்பது அவர் தரப்பு வாதம். ஞாயிறு வேறு, திங்கள் வேறு என்பதன் பழைய வடிவம் அது. மிஷனரிகள் பக்கமும் முழுச் சுத்தம் இல்லை. சாதியை எதிர்த்த அதே மூச்சில் தமிழ்ப் பண்பாட்டையும் துடைக்கப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் பாதி சரி, பாதி தவறு. பாட்டில் உண்மையாக இருந்தவர் பந்தியில் தவறியதும், பந்தியைச் சரிசெய்ய வந்தவர்கள் பாட்டைப் பறிக்கப் பார்த்ததும், நம் சபைச் சரித்திரத்தில் எனக்கு மறக்க முடியாத பாடம்.

பக்கத்து மகாராஷ்டிரக் கதையும் ஒன்று உண்டு. நாராயண் வாமன் திலக் என்ற மராத்திக் கவிஞர் 1895-இல் பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றார். வார்க்கரி பக்தர்களின் அபங்க வடிவத்திலேயே கிறிஸ்துவைப் பாடினார். நம் மராத்தி நண்பர்களின் ஆராதனையில் தாளம் எப்படி வந்தது என்று கேட்டால் அவர் பெயரைச் சொல்வார்கள்.

வடக்கன்குளத்துச் சுவர்

கத்தோலிக்க சபை மட்டும் தப்பித்ததா? இல்லை. திருநெல்வேலி மாவட்டத்தின் வடக்கன்குளம். இந்த ஊரில்தான் 1745-இல் நீலகண்ட பிள்ளை என்ற திருவிதாங்கூர் அரசு அலுவலர் தேவசகாயம் என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினார், அதுவும் அவர்மேல் கோபம் வரக் காரணம். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் தேதி போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் குருக்கள், துறவிகள் அல்லாத பொதுநிலையினரில் முதல் புனிதர்.

அதே வடக்கன்குளத்தில் 1872-இல் ஒரு கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, மக்கள் நிற்கும் மண்டபம் இரண்டு. ஒரு காலில் வெள்ளாளர், மறு காலில் நாடார் முதலிய மற்றவர்கள். மேலே இருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி. நடுவில் தடுப்பு. பூசை ஒன்று, குருவானவர் ஒருவர், ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே கடவுளைத் தொழ ஏற்பாடு. கட்டடக் கலையில் இதற்கு நிகர் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்!

1910-இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை அகற்றினார். வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. மைக்கேல் பிள்ளை எதிர் ஆயர் பார்த் என்று சட்டப் புத்தகங்களில் இன்றும் இருக்கிறது. கிறிஸ்தவர்களுக்குள் சாதி அடிப்படையில் கோயிலில் தனி இடம் கேட்கும் உரிமை இல்லை என்று தீர்ப்பானது. தேவசகாயத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஊரில், ஒன்றாக நின்று கும்பிட நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

பழங்கதை என்று தள்ள முடியாது. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த கலவரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் இறந்தார்கள்.

பிடி அரிசி

சுவர் கட்டியதும் நம் ஆட்கள்தான், பானை வைத்ததும் நம் ஆட்கள்தான். இனி பானைக் கதை.

1799-இல் திருநெல்வேலிச் சீமையில் முதலூர் உருவானது. ஊரில் அடிபட்டு விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களுக்காக டேவிட் சுந்தரானந்தம் முன்னின்று ஏற்படுத்திய ஊர். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830-இல், தர்ம சங்கம் தொடங்கியது. விரட்டப்பட்டவர்களுக்கு நிலமும் வீடும் வாங்கிக் கொடுக்க ஜனங்களே பணம் சேர்க்கும் சங்கம். கொடுத்தவர்கள் யார்? பனையேறிகள், சின்ன விவசாயிகள், கைம்பெண்கள். ஆராதனையில் தட்டில் விழுந்த காசு மற்றொருவன் தலைக்கு மேல் கூரையானது.

காசு இல்லாத வீடுகளில் பிடி அரிசி. உலை வைக்கும்போது பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். கணக்குப் பார்த்தால் ஒரு பிடிக்கு மதிப்பு ஒன்றுமில்லை. ஆனால் தினமும் அடுப்படியில், பசியோடு இருக்கும் பிள்ளைகள் பக்கத்தில் நிற்க, வேறு யாருக்கோ ஒரு பிடி எடுத்துவைப்பது லேசான காரியம் இல்லை. பிரசங்கம் கேட்காத ஆறு நாளும் அந்தப் பானை ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கும். மிசோரமிலும் 1910 வாக்கில் பெண்கள் இதேபோல் தொடங்கிய வழக்கம் இன்று பிரெஸ்பிடேரியன் சபைக்குக் கோடிக்கணக்கில் வருமானம் தருகிறது.

இந்தக் கொடுக்கும் பழக்கத்திலிருந்து எழுந்தவர்தான் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி இந்திய மிஷனரி சங்கம் பாளையங்கோட்டையில் தொடங்கியபோது அதன் பின்னால் நின்ற முக்கியமான கை அவருடையது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்தியத் தலைமை என்பது கொள்கை. தெலுங்கு நாட்டில் தோரணக்கல் பகுதிக்குப் போனார்கள். 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் பணமும் தியாகமும் தருகிறார்கள், ஆனால் சிநேகிதர்களாகப் பழகுவதில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார். கூட உட்கார்ந்து சாப்பிடாத அன்பு என்ன அன்பு என்பதுதான் அவர் கேட்டதன் பொருள். 1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

தோரணக்கலில் அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள். தெலுங்கு கற்றுக்கொண்டு, மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பரம ஏழைகளான அவர்களையும் பிடி தானியம் கொடுக்கப் பழக்கினார். ஏழையிடம் போய் வாங்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. வாங்கிக்கொண்டே இருப்பவன் கைநீட்டுகிறவனாகவே இருப்பான், கொடுக்கத் தொடங்கிய அன்று நிமிர்வான் என்பது அவர் நடைமுறை சொல்லும் பதில். 1939 ஜனவரி 6-ஆம் தேதி பிரதிஷ்டையான தோரணக்கல் பேராலயம் இந்தியக் கட்டடப் பாணிகளைச் சேர்த்து எழுப்பியது. 1945 ஜனவரி 1-ஆம் தேதி அங்கேயே மறைந்தார்.

நம் ஊர் அசனத்தையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஊரே அரிசியும் ஆடும் கொடுத்து, ஊரே சமைத்து, ஊரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும். ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்டது எது என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பந்தி வெறும் சாப்பாடு இல்லை.

மான்குர்த்

சரி, நம் பேட்டைக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் பட்டறைகளுக்கு ஆட்கள் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். அங்கிருந்தும், தமிழ்நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்தவர்கள் மான்குர்த்வரை பரவினார்கள். இங்கே ஜனதா காலனி என்று ஒரு குடியிருப்பு இருந்தது. நகரத்தின் மற்ற இடங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை மாநகராட்சியே கொண்டுவந்து விட்ட இடம். பக்கத்தில் அணுசக்தி நிலையம். தமிழர் உட்படப் பல மொழி, பல மதத்தவர்.

1963-இல் பம்பாய்க்கு வந்த ஒரு இளம் தச்சர் இந்தக் காலனியில் தங்கினார். கோலார் தங்கவயலில் பிறந்தவர். பெயர் ஜாக்கின் அற்புதம். பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டும் பாடமும் சொல்லிக்கொடுத்தார். காலனியில் குப்பை மலையாகக் குவிந்து கிடந்தது, மாநகராட்சி எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளைகளைத் திரட்டி ஆளுக்குக் கொஞ்சம் குப்பையை எடுத்துக்கொண்டு போய் மாநகராட்சி அலுவலகத்தின் முன்னால் கொட்டவைத்தார். பிறகு குப்பை அள்ள ஆள் வந்தது! அணுசக்தி நிலையத்துக்கு இடம் வேண்டும் என்று காலனியைக் காலிசெய்யச் சொன்னபோது பல வருஷம் போராடினார், டெல்லிவரை போனார், பலமுறை ஜெயிலுக்கும் போனார்.

1976 மே மாதம், எமர்ஜென்சி காலத்தில், ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் சில மைல் தள்ளி டிராம்பே அருகே சதுப்பு நிலத்துக்கு மாற்றப்பட்டார்கள். இன்றைய சீத்தா கேம்ப் அதுதான். அற்புதம் அதோடு ஓயவில்லை. தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டினார். பிளாட்பாரத்தில் வாழ்ந்த பெண்களின் மகிளா மிலனோடு சேர்ந்து, தினமும் சில ரூபாய் சேமிக்கும் வழக்கத்தை நாடுகள் தாண்டிப் பரப்பினார். 2000-இல் மகசேசே விருது, 2011-இல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபர் 13-ஆம் தேதி மும்பையில் காலமானார்.

இதற்கு யாரும் ஆராதனை என்று பெயர் வைக்கவில்லை. கூடவே நின்றவர்கள் எல்லா மதத்தவரும். ஆனால் ஏசாயா 58-ஐ வாசித்துவிட்டு ஜனதா காலனி கதையைப் படித்தால், தீர்க்கதரிசி கேட்டது எது என்று கண்டுபிடிக்க வேதாகமக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. தினசரி சேமிப்பு டப்பாவைப் பார்க்கும்போது எனக்குப் பிடி அரிசிப் பானைதான் ஞாபகம் வருகிறது.

நமக்கு என்ன?

நாம் இப்போது படித்தவர்கள், சம்பளக்காரர்கள். ஊழிய வேலைக்கு நம்மை யாரும் கூப்பிடுவதில்லை. அதனால் கேள்வி வேறு உருவத்தில் வருகிறது.

நாம் ஞாயிறு காலை ஆலயத்துக்குப் போகும்போது, நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு அன்று விடுமுறை உண்டா? சம்பளத்தோடு உண்டா? ஓய்வு நாளுக்காக நம் பூட்டன் பூட்டி பட்ட பாட்டைத் தெரிந்தவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். சபையில் எல்லோரும் சகோதர சகோதரி, ஆனால் பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது மட்டும் சபைப் பெயருக்குப் பக்கத்தில் சாதிப் பெயர் ஏன் தேவைப்படுகிறது? வடக்கன்குளத்துத் தடுப்பை அகற்றினார்கள், நம் வீட்டு ஜாதகமில்லாத ஜாதகத்தில் அது இன்னும் நிற்கிறது. மும்பை மாநகராட்சி வார்டுகளில் மனித வளர்ச்சியில் கடைசி இடம் என்று 2009 அறிக்கை சொன்ன எம்-கிழக்கு வார்டில்தான் நாம் குடியிருக்கிறோம். தேவ்னார் குப்பை மேட்டில் பொறுக்குகிற பிள்ளைகளைத் தாண்டித்தான் தினமும் ரயிலைப் பிடிக்கிறோம்.

இதையெல்லாம் சொன்னதால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. மயிலாடிப் பெண்களுக்கு அந்த ஆராதனை இல்லாவிட்டால் சந்தையில் நிற்கும் தைரியம் எங்கிருந்து வந்திருக்கும்? பாட்டும் வேண்டும், பூவும் வேண்டும், தமிழும் வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு கீர்த்தனை சொல்லிக்கொடுக்கும்போது அதைப் பாடியவரின் கதையையும், அவர் காலத்தில் பீடத்தண்டை போக முடியாதவர்களின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டும் நம்முடையதுதான்.

உங்கள் பாட்டி வீட்டில் பிடி அரிசிப் பானை இருந்ததா? அதை எந்தப் பெயரால் அழைத்தார்கள், அரிசி யாருக்குப் போனது? வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.